நாய்க்கு வீட்டுச் சோறு: தராசு வாங்கிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்

பள்ளத்தூர் கன்னி:

பாக்கெட் தீனிக்குப் பயந்து நாய்க்கு வீட்டிலேயே சமைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தப் பயம் வெறும் வதந்தி இல்லை. 2007இல் அமெரிக்காவில் விற்ற நாய், பூனைத் தீனிகளில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் வேதிப்பொருள் கலந்த மாவு இருந்தது. புரதம் பார்க்கும் சோதனை நைட்ரஜனைத்தான் எண்ணும். மெலமைனில் நைட்ரஜன் அதிகம் என்பதால் மட்டமான மாவும் சத்துள்ளதாகக் கணக்குக் காட்டியது. அது சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக உறைந்தது. 2019இல் வைட்டமின் டி எகிறிப்போன டப்பா உணவைத் திரும்பப் பெற்றார்கள். 2020 டிசம்பரில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்காக இன்னொரு தீனியை.

ஆனால் நம் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது ஆலையை அல்ல, கடையை. 20 கிலோ மூட்டையைப் பிரித்து, அரைக்கிலோ ஒரு கிலோவாக நிறுத்து முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். தொகுதி எண், காலாவதித் தேதி எதுவும் கைக்கு வராது. பிரித்த தீனியில் கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். வீட்டின் பின்கட்டில் வைத்திருக்கும் பழைய எண்ணெய் டின்னில் கொட்டி வைப்பது அதைவிட மோசம், சுவரில் ஒட்டிய பழைய கொழுப்பே புதுத் தீனியைக் கெடுக்கும். மூட்டையோடு டின்னில் இறக்கி, வாயை மடித்துக் கட்டி, ஆறு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அஃப்லடாக்சின் கொதிக்க வைத்தால் போகாது. பூஞ்சை கண்ணில் படாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம். மக்காச்சோளம் மட்டுமல்ல, மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கிலும் வரும். ஆகவே புண்ணாக்கை ஊறவைத்து நாய்க்குச் சோற்றில் பிசைவது ஆபத்திலிருந்து தப்புவதல்ல. சோறு இறங்காமை, வாந்தி, ஈறும் கண்வெள்ளையும் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, இவற்றில் இரண்டு சேர்ந்தால் அன்றைக்கே ஈரல் பரிசோதனை. மீதித் தீனியைக் கொட்டிவிடாமல் பையோடு எடுத்துப் போங்கள்.

தேவகோட்டை தராசு:

கன்னி அண்ணே சொன்னதை வழிமொழிகிறேன். வீட்டுச் சோறு என்றால் தயிர்ச்சோறும் பால்சோறும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து பாக்கெட்டையே தொடருங்கள், நாய் பிழைக்கும்.

முதலில் எவ்வளவு சக்தி வேண்டும் என்ற கணக்கு. சாதாரணக் கால்குலேட்டரே போதும். நாயின் எடையை மூன்று முறை பெருக்கி, வர்க்கமூலத்தை இரண்டு முறை அழுத்தி, 70ஆல் பெருக்குங்கள். 20 கிலோ நாய்க்கு 20×20×20 = 8000, முதல் மூலம் 89.4, அடுத்தது 9.46, எழுபதால் பெருக்கினால் 662 கலோரி. இது சும்மா படுத்திருக்க. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6 மடங்கு, சுமார் 1060. வீட்டு வளவுக்குள்ளேயே சுற்றிக் குண்டாகும் நாய்க்கு 1.2 அல்லது 1.4 மடங்கோடு நிறுத்துங்கள்.

அந்த 1060க்கு ஒரு நாள் அளவு, எல்லாம் பச்சை எடை: தோலும் எலும்பும் நீக்கிய கோழித்தொடைச் சதை 350 கிராம், கோழி ஈரல் 30, முள் நீக்கிய மத்தி மீன் 50 (தொண்டியிலிருந்து வரும் நாளில் வாங்கி உறையவைத்தால் ஆகிவரும்), முட்டை ஒன்று, அரிசி 100, பரங்கிக்காயும் கேரட்டும் சேர்த்து 100, நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் இரண்டு டீஸ்பூன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாய்க்குத் தேவையான லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்து அதில் பேருக்குத்தான் இருக்கிறது. ஈரலைக் கூட்டக் கூடாது. மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் வைட்டமின் ஏ தேங்கும்.

அரிசியை நன்றாகக் குழைய விடுங்கள். காயை மசித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேரட் போன நிறத்திலேயே வெளியே வரும். கறி வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள், சத்து அதில்தான்.

பலரும் வழுக்கும் இடம் எடை. 350 கிராம் பச்சைக் கறி வெந்தால் சுமார் 260 ஆகிவிடும். 100 கிராம் அரிசி சோறானால் 280, 300க்கு வரும். வெந்த சோறு 100, வெந்த கறி 350 என்று வைத்தால் கணக்கே தலைகீழ். நிறுப்பது வேகுமுன்.

கானாடுகாத்தான் வெயில்:

மேலே உள்ள அளவில் சுண்ணாம்புச் சத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லையே! இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ஏறத்தாழ இல்லை. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். எலும்பு மெலிந்து தாடை ஆடும், கால் வளையும். கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக, 1.2க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும்.

முட்டை ஓடு போதும், காசும் இல்லை. உள்தோலை உரித்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, இரண்டு நாள் சித்திரை வெயிலில் முறுகக் காயவைத்து, மிக்சியில் அரைத்து, வேட்டித் துணியில் சலியுங்கள். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல இருக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் குடலில் கரையாது. இதில் ஐந்தில் இரண்டு பங்கு கால்சியம். மேலே சொன்ன அளவுக்கு 3.5 கிராம் தூள். சமையல் தராசு இதைக் காட்டாது, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சின்னத் தராசு வாங்குங்கள். கரண்டிக் கணக்கு போட்டால் இரட்டிப்பாகிவிடும். சாணம் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி போல வந்தால் அதுதான் அடையாளம்.

மாட்டுத்தீவனக் கடையின் தாது உப்புக் கலவை வேண்டாம். அது கறவைக்கு வகுத்தது. எலும்புத்தூளும் இதற்கு ஆகாது, அதில் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும்.

கோட்டையூர் ஆச்சி:

தம்பி, கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறதே, கூழாகக் காய்ச்சி ஊற்றினால் ஓட்டுத்தூள் எதற்கு?

கானாடுகாத்தான் வெயில்:

ஆச்சி, அதே கேழ்வரகில் பாஸ்பரஸும் கணிசமாக இருக்கிறது, போதாததற்கு அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேவையான 1.3 கிராமை எட்ட 400 கிராம் மாவு ஊற்ற வேண்டும், அதற்குள் நாய் உருளைக்கட்டை ஆகிவிடும். அரிசிக்குப் பதிலாக வைக்கலாம், ஓட்டுக்குப் பதிலாக அல்ல.

கோட்டையூர் ஆச்சி:

சரி, ஒத்துக்கொள்கிறேன். அடுப்படி விஷயம் ஒன்று நான் சொல்கிறேன். நம் வீட்டில் கறி என்றாலே சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இறங்காது. நாய்க்கு இரண்டும் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். உடல் எடையில் அரை சதவீதம், அதாவது 20 கிலோ நாய்க்கு 100 கிராம் வெங்காயம் ஒரே வேளையில் போனாலே போதும். பூண்டு இன்னும் கடுமை. வேகவைத்தாலும் வறுத்தாலும் குணம் மாறாது. குழம்பைக் கழுவிவிட்டுக் கறியை மட்டும் போடுகிறோம் என்பது செல்லாது, சாறு கறிக்குள் ஏறியிருக்கும். உடனே ஒன்றும் தெரியாது, மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்து போகும்போதுதான் தெரியும். தாளிக்கும் முன்பே நாயின் பங்கைத் தனிச் சட்டியில் எடுத்துவிட வேண்டும்.

உப்புக்கண்டம், கோலா உருண்டை, கல்யாண வீட்டு இலையில் மிஞ்சும் ஆட்டுக்கொழுப்பு மூன்றும் தடை. கொழுப்பு ஒரே நாளில் ஏறினால் கணையம் வீங்கி விடாத வாந்தி. பாயசத்துத் திராட்சைக்கும் அதே தடை. வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், குக்கரில் வைத்தாலும் நம்பாதீர்கள்.

பள்ளத்தூர் கன்னி:

மாற்றும் முறையை விட்டுவிட்டோம். முதல் மூன்று நாள் கால் பங்கு வீட்டுச் சோறு, அடுத்த மூன்று நாள் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுசு. சாணம் சளியோடு இளகினால் முந்திய படிக்கே திரும்புங்கள், பரங்கிக்காயைக் கொஞ்சம் கூட்டுங்கள். சமைத்தது மூன்று நாளைக்கு மேல் குளிர்பெட்டியில் வேண்டாம். அண்டாவோடு ஆறவைத்தால் நடுவில் மணிக்கணக்கில் சூடு நிற்கும். தாம்பாளத்தில் பரப்பி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளுங்கள். மின்சாரம் நெடுநேரம் போன நாளில் மிச்சத்தைக் கொட்டிவிடுவதே லாபம். தட்டில் வைத்தது அரை மணியில் தீராவிட்டால் எடுத்துவிடுங்கள்.

தேவகோட்டை தராசு:

ஆச்சரியப்படாதீர்கள், இவ்வளவு செய்தும் இது முழு உணவு இல்லை. துத்தநாகம், அயோடின், வைட்டமின் இ, டி நான்கும் தட்டுப்படும். 2013இல் அமெரிக்காவில் 200 வீட்டுச் செய்முறைகளைச் சோதித்ததில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. மருத்துவர்கள் எழுதியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அயோடின் உப்பு போட்டால் சரி என்பது தப்புக்கணக்கு. ஒரு கிராம் உப்பில் 15 முதல் 30 மைக்ரோகிராம்தான் இருக்கும், நாய்க்கு 1000 கலோரிக்கு 250 வேண்டும். வீட்டுச் சோற்றுக்கென்றே வகுத்த நாய் வைட்டமின் தாதுப் பொடியை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் கால்சியம் இருந்தால் ஓட்டுத்தூளை அந்த அளவு குறைக்க வேண்டும்.

வைட்டமின் டிக்காக நமக்கு எழுதித்தரும் 60,000 அலகு பொடியைக் கிள்ளிப் போடாதீர்கள். நாயின் ஒரு நாள் உச்சவரம்பே 1000 கலோரிக்கு 750 அலகுதான்.

கோட்டையூர் ஆச்சி:

குட்டிக்கும் இதே அளவா?

தேவகோட்டை தராசு:

இல்லை ஆச்சி. ராஜபாளையம் போல வளர்த்தியான குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் குறைந்தாலும் எலும்பு கோணும். வளர்ச்சி முடியும்வரை, முத்திரை உடையாத சின்னப் பையாக, தொகுதி எண் பார்த்து வாங்கிய குட்டித் தீனிதான். சிறுநீரகம், சிறுநீர்க் கல், கணையம் என்று ஏற்கெனவே கோளாறு உள்ள நாய்க்கும் மேலே சொன்ன அளவு பொருந்தாது. மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறை எடை, மூன்றாம் மாதம் இரத்தப் பரிசோதனை. அல்புமின் என்ற இரத்தப் புரதம், ஈரல் நொதி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிவப்பணு எண்ணிக்கை நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள். மாற்றுமுன் ஒரு தடவை எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.