கணுக்கால் குருத்தெலும்பு ஆபரேஷன்: பொங்கல் கபடியில் இறக்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
எங்க அணியில் பாடிப்போகும் தம்பி, வயது 22. வலது கணுக்காலில், தாலஸ் எலும்பின் (கணுக்கால் மூட்டின் அடி எலும்பு) உள்பக்க மேட்டில் 9 மி.மீ. அளவுக்குக் குருத்தெலும்பு பெயர்ந்திருந்தது. ஆவணிக் கடைசியில் மைக்ரோஃபிராக்சர் ஆபரேஷன் செய்தாங்க. இன்றோடு 14 வாரம். நடந்தால் வலி இல்லை. திடலில் பத்து நிமிஷம் மெதுவா ஓடினால் ராத்திரிக்குள் கணுக்கால் முட்டியைச் சுற்றியுள்ள குழி வீங்கி மூடிக்கிடுது. டாக்டர் "4 மாசத்துக்கு மேல ஆடலாம்" என்றார். பொங்கலுக்கு இன்னும் 4 வாரம். இறக்கலாமா?

குடந்தை பிசியோ:
வேண்டாம். 4 மாசம் என்பது ஆட்டத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் கணக்கு, கோட்டைத் தாண்டும் கணக்கு இல்லை.

இந்த ஆபரேஷனில் எலும்பில் 3-4 மி.மீ. இடைவெளி விட்டுச் சிறு துளைகள் போடுவாங்க. மஜ்ஜை ரத்தம் வெளியே வந்து உறைந்து, அதிலிருந்து நார்க்குருத்தெலும்பு வளரும். அது பழைய வழுவழுப்பான குருத்தெலும்பு அளவுக்கு அழுத்தம் தாங்காது, இறுகவும் மாசக்கணக்காகும். குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அதனால் "வலி இல்லை" என்பதைச் சாட்சியா எடுக்காதீங்க. வீக்கத்தைப் பாருங்க.

தையல்காரர் டேப் ஒன்று போதும். காலையில் எழுந்து நடமாடும் முன் அளக்கணும். வெளிமுட்டிக்கு முன்னால் தொடங்கி, பாதத்தின் குறுக்கே உள்பக்கம் இறங்கி, உள்ளங்கால் அடியில் போய், சுண்டுவிரல் பக்கமா மேலே வந்து, உள்முட்டி, குதிகால் தசைநார், வெளிமுட்டி சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரணும். எட்டுப் போட்ட மாதிரி. ஒரே ஆள்தான் தினமும் அளக்கணும். அரை செ.மீ. வரை கூடுதல் குறைவு அளக்கும் கையால் வருவது. ஒரு செ.மீ. கூடினால் நேற்றைய ஓட்டம் அதிகம், அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

ஓட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு, 30 நிமிஷ வேக நடை வீக்கம் இல்லாமல் முடியுதான்னு பாருங்க. முடிந்தால் 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, 6 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நேரம், வேகம், தரை மூன்றில் வாரத்துக்கு ஒன்றைத்தான் மாற்றணும்.

சுவர் சோதனையும் செய்யுங்க. குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொடணும். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் இரண்டு காலிலும் 1-2 செ.மீ.க்குள் ஒத்திருக்கணும். ஒற்றைக்காலில் குதிகால் தூக்குவது 25 தடவை, கடைசித் தடவையும் முதல் தடவை உயரத்துக்கே.

திருவாரூர் கோச்:
பிசியோ சொன்னதோடு தரையையும் பாருங்க. ஆற்று மணல் வேண்டாம், குதிகால் புதைந்து கெண்டைக்கால் சீக்கிரம் சோர்ந்திடும். வரப்பு நடையும் வேண்டாம். பாதம் சாய்ந்தால் அழுத்தம் ஒரே ஓரத்தில் விழும். அறுவடை முடிந்த வயலில் களிமண் வெடிப்பு, அது இன்னும் மோசம். காய்ந்த சமதரைதான் சரி.

கபடிக்குத் திரும்ப ஒரு வரிசை இருக்கு. ஆளில்லாத களத்தில் பாடிப்போவது முதலில். பிறகு திரும்பித் தப்புவது, கால் நீட்டித் தொடுவது. அதன்பின் எதிராட்கள் நிற்பாங்க, ஆனால் பிடிக்க மாட்டாங்க. கணுக்கால் பிடி கடைசி. பாதம் பூட்டிக்கிடக்க உடம்பு திருகும்போது, புது நார்க்குருத்தெலும்பை அறுக்கிற வேலை அங்கேதான் நடக்கும். மேட் விரிப்புக் களத்தில் ஷூ பற்றிக்கொள்வதால் திருகல் மண்ணைவிட அதிகம்.

ஒற்றைக்கால் தாவலில் நல்ல கால் தூரத்தின் 90% கேட்பாங்க. அது ஏமாற்றும், 14 வாரத்தில் நல்ல காலும் இளைத்திருக்கும். பழைய தூரம் குறித்து வைத்திருந்தால் அதோடு ஒப்பிடுங்க.

வெண்ணாற்றங்கரை:
நன்றி சார். எம்.ஆர்.ஐ.யில் இன்னும் எலும்பில் நீர் தெரியுதாம். வலி மாத்திரை போட்டு ஒரே ஒரு ஆட்டம்?

குடந்தை பிசியோ:
எலும்பு நீர் ஓராண்டு தாண்டியும் படத்தில் தெரியலாம். அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. மாத்திரை கூடாது. அடியில் இருக்கும் எலும்பு வலியாகக் கொடுக்கும் எச்சரிக்கையை அது அமுக்கிடும். கால் மடக்கும்போது சிக்கினாலோ பூட்டிக்கொண்டாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்முட்டி எலும்பை வெட்டி ஸ்குரூ போட்டதா எழுதியிருந்தால், அது கூடியதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் தாவல் எதுவும் தொடங்காதீங்க.

திருவாரூர் கோச்:
அளவுகள் ஒத்துவந்தால் மாசி ஆட்டத்துக்குப் பேசலாம். பொங்கலுக்கு அவன் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுங்க.