கிரீன்ஃபீல்டு முதலீடு: "பசுமைவெளி" வேண்டாமே

> 'கிரீன்ஃபீல்டு இன்வெஸ்ட்மென்ட்' என்பதைப் 'பசுமைவெளி முதலீடு' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா? கட்டுரை, தொழில்நுட்பத் துறை வளர்ந்துவரும் நாடுகள் வெளிநாட்டு முதலீட்டை ஈர்ப்பது பற்றியது.

வணக்கம் ஐயா,

பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழை இல்லை. ஆனால் 'பசுமை'யை நாம் சூழலியலுக்கு எழுதிக் கொடுத்து வெகுநாள் ஆயிற்று. பசுமை ஆற்றல், பசுமைக் கட்டடம் என்று படித்துப் பழகிய கண், 'பசுமைவெளி முதலீடு' என்றதும் காற்றாலையைத் தேடும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நிலக்கரி அனல்மின் நிலையத்தைப் புதிதாகக் கட்டினாலும் அது கிரீன்ஃபீல்டுதான். அதைப் போய் 'பசுமைவெளி' என்று எழுதினால் வாசகர் நம்மைத்தான் சந்தேகிப்பார்.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளுக்கு வருவோம். நேரடி முதலீடு பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒரு நாட்டுக்குள் வருகிறது. இல்லாத ஒன்றை உண்டாக்குவது ஒரு வழி; கிரீன்ஃபீல்டு என்பது இதுதான். இருக்கும் நிறுவனத்தை விலைக்கு வாங்குவது மற்றது. புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ கைக்கு வந்தால் நேரடி முதலீடு, அவ்வளவுதான் கணக்கு. நாட்டுக்குக் கிடைப்பது என்ன என்று பார்த்தால்தான் இரண்டும் வேறுவேறு.

கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல் நிறுவனம், ஆலை அமைக்க 1996-இல் மத்திய அமெரிக்க நாடான கோஸ்ட்டா ரிக்காவைத் தேர்ந்தெடுத்தது; 1998-இல் ஆலை இயங்கத் தொடங்கியது. முன்பு அங்கே இல்லாத ஒன்று வந்து நின்றது. 2018-இல் வால்மார்ட் ஏறத்தாழ 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டை வாங்கியது. அதில் நிறுவனத்துக்குள் புதிதாக வந்த பணம் 200 கோடி டாலர். மீதி, பழைய பங்குதாரர்களுக்குப் போனது. அவர்களில் பலர் வெளிநாட்டு முதலீட்டாளர்கள்தாம். இதனால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. பங்கு விற்றவர்கள் அந்தப் பணத்தை இன்னொரு புதிய நிறுவனத்தில் போடலாம். ஆனாலும் 'முதலீடு குவிந்தது' என்று இரண்டுக்கும் ஒரே தலைப்புக் கொடுத்தால் வாசகர் ஏமாந்துபோவார். நமக்குச் சொல் தேவைப்படுவது இந்த இடத்துக்குத்தான்.

இன்னொன்று. உங்கள் கட்டுரை தொழில்நுட்பத் துறை பற்றியது என்பதால் 'வெளி'யும் இடிக்கிறது. அமெரிக்கச் சில்லு நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியபோது அதற்கு வேண்டியிருந்தது வயல்வெளி அல்ல. பொறியாளர்களும் ஒரு செயற்கைக்கோள் இணைப்பும். மென்பொருள் நிறுவனம் வாடகைக்கு ஒரு தளம் பிடித்து ஆள் எடுத்தால் அதுவும் கிரீன்ஃபீல்டுதான். அங்கே பச்சையும் இல்லை, நிலமும் இல்லை.

நம் மடற்குழுவின் இந்த இழையில் மற்றவர்கள் முன்வைத்த சொற்களில் 'தொடக்க முதலீடு' எளிமையானது. ஆனால் கடை வைப்பவர் முதன்முதலாகப் போடும் பணத்துக்கும் அதைத்தானே சொல்கிறோம்? 'தரிசுநில முதலீடு' என்றால் வேளாண்துறை சண்டைக்கு வரும்.

என் பரிந்துரை: கால்கோள் முதலீடு.

கால்கோள் என்றால் தொடக்கம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே பெயர் அது. இன்றும் கால்கோள் விழா என்றால், ஒன்று புதிதாக எழப்போகிறது என்று யாருக்கும் புரியும். நிறம் இல்லை, நிலம் இல்லை, செயல் மட்டும் இருக்கிறது. வாடகைத் தளத்தில் தொடங்கும் நிறுவனத்துக்கும் இடிக்காது.

> கால்கோள் என்றதும் எனக்கு அடிக்கல்லோடு நின்றுபோன திட்டங்கள்தான் நினைவுக்கு வருகின்றன!

சிரித்துவிட்டேன் அம்மா. ஆனால் இந்தத் தடை என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஐ.நா. வணிக, வளர்ச்சி அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் உலக முதலீட்டு அறிக்கையில் கிரீன்ஃபீல்டு பட்டியலைப் பாருங்கள். 'அறிவிக்கப்பட்ட' திட்டங்கள் என்றே அதற்குத் தலைப்பு. அறிவித்த தொகை வேறு, வந்து சேர்ந்த தொகை வேறு. கல் நட்டாயிற்று, கட்டடம் எழுமா என்பது பிறகு தெரியும் என்ற ஐயத்தையும் சொல்லே சுமந்துகொண்டிருந்தால் நல்லதுதானே? முதலீட்டாளர் மாநாடு முடிந்த மறுநாள் வரும் தலைப்புச் செய்திகளுக்கு இந்த ஐயம் கொஞ்சம் தேவை.

எதிர்ச்சொல்லில்தான் நான் வழுக்கி விழுந்தேன். நிறுவனத்தை விலைக்கு வாங்கும் வகைக்குக் 'கைமாற்று முதலீடு' என்று போன மடலில் எழுதியிருந்தேன். உடனே ஒருவர், "கைமாற்று என்றால் நாலு நாளில் திருப்பித் தருகிறேன் என்று வாங்கும் கடனல்லவா?" என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயம், அதைத் திரும்பப் பெறுகிறேன். 'கையகப்படுத்தல்' ஏற்கெனவே வழக்கில் இருந்தாலும் அரசு நிலம் எடுக்கும் வாடை அதில் அடிக்கிறது. விற்பவர் விரும்பி விற்கும்போது பொருந்தாது. 'உரிமைமாற்று முதலீடு' என்று வைத்துக்கொள்ளலாமா? கொஞ்சம் நீளம்தான். ஆனால் பணம் வந்தபின் மாறியது எது என்று அது ஒளிக்காமல் சொல்கிறது.

மென்பொருள் துறை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய நிரல் எதையும் சுமக்காமல் முதலிலிருந்து எழுதும் பணியையும் கிரீன்ஃபீல்டு என்கிறீர்கள். 'கால்கோள் பணி' அங்கேயும் செல்லும் என நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

'அந்நிய' முதலீடா, 'வெளிநாட்டு' முதலீடா என்று வேறொருவர் கேட்டிருந்தார். ஈர்க்கப் போகிறவரை அந்நியர் என்று அழைப்பானேன்? வெளிநாட்டு என்றே எழுதுங்கள்.

பிரவுன்ஃபீல்டு, அதாவது ஏற்கெனவே இருக்கும் ஆலையிலோ இடத்திலோ மறுபடி பணம் போடுவது, பாக்கி இருக்கிறது. 'பழுப்புவெளி' என்று மட்டும் யாரும் தொடங்கிவிடாதீர்கள். அதே கோஸ்ட்டா ரிக்காவில் இன்டெல் 2014-இல் சில்லுகளின் பொருத்தல், சோதனைப் பணிகளை மூடுவதாக அறிவித்து ஆசியாவுக்குக் கொண்டுபோனது. ஏறத்தாழ 1,500 பேருக்கு வேலை போனது. சில ஆண்டுகள் கழித்து அங்கேயே அந்தப் பணிகளை மறுபடி தொடங்கியது. ஏற்கெனவே இருக்கும் இடத்தைச் செப்பனிட்டுப் பணம் போடும் இதைக் கால்கோள் என்று சொல்ல முடியாது, உரிமையும் மாறவில்லை. 'புதுக்கு முதலீடு' என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் காதில் விழும்போது 'புது முதலீடு' போலவே ஒலிக்கிறது. வேறு யாருக்காவது ஏதாவது தட்டுப்படுகிறதா?

அன்புடன்