நிலையான கிளையில் திருத்திய வழு திரும்ப வந்துவிட்டது. மூன்று பேர் இரண்டு கிளைகளை எப்படிப் பராமரிப்பது?

வெள்ளவத்தை_விசை:

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் நிலையத்தில் 18 கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் யூனிட்டி பிளாசாவில் பழையதாக வாங்கியவை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடியாக வைத்து, தமிழ் எழுத்துருக்கள், ரெங்கநாதன் விசைப்பலகை, பிள்ளைகளுக்குத் தேவையான மென்பொருள்கள் சேர்த்து நாங்களே ஓர் இயங்குதளம் கட்டியிருக்கிறோம். மூலநிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது. வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் சிலர் போட்டிருக்கிறார்கள். பராமரிப்பது மூன்று பேர், மூவருக்கும் பகலில் வேறு வேலை.

ஒரே மூலநிரலின் இரண்டு பிரதிகளாக, பிள்ளைகள் பாவிக்கும் ‘நிலை’, புதியவற்றை முதலில் சேர்க்கும் ‘சோதனை’ என்று இரண்டு கிளைகள் வைத்திருக்கிறோம். போன ஒக்டோபரில் ஒரு பின்னேரம் வகுப்பு எடுக்கும் ரீச்சர் கூப்பிட்டார். ‘கொழும்பு’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு கழன்று, ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே போய் நிற்கிறது என்றார். போய்ப் பார்த்து, ‘நிலை’யிலேயே நேரடியாகக் கைவைத்துப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். ஜனவரியில் ‘சோதனை’யிலிருந்து புது வெளியீடு போட்டோம். முதல் நாளே முன்வரிசைப் பிள்ளை ஒன்று, “சேர், முந்தி வந்த வட்டம் திரும்ப வந்திட்டுது” என்றது. என் திருத்தம் ‘சோதனை’க்குப் போகவே இல்லை.

அதோடு, புதிய லிப்ரே ஆபிஸ் வேண்டும், புதிய பிரின்டர் டிரைவர் வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் ‘சோதனை’யிலிருந்து ஒன்றிரண்டை இழுத்து ‘நிலை’யில் போட்டோம். இன்று எண்ணினால் 11 மென்பொருள் பொதிகள். இதற்கு ‘நிலை’ என்று பெயர் வைத்துக்கொள்ளவே மனம் வரவில்லை. பேசாமல் ஒரே கிளையாக ஆக்கி, எப்போதும் புதியதையே கொடுத்துவிடலாமா?

பழைய_கெர்னல்:

தம்பி, ஒரே கிளையாக்க வேண்டாம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஓர் அப்டேட் வந்து விசைப்பலகை குழம்பினால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள்?

உங்களுடைய திருத்தம் போகும் திசைதான் பிழை. லினக்ஸின் மையக் கருவான கெர்னலின் நிலையான வெளியீடுகளுக்கு ஒரு விதி உண்டு: முதன்மைக் கிளையில் ஏறாத திருத்தம் நிலையானதற்குள் வர முடியாது. சுற்றியுள்ள வரிகளோடு சேர்த்து 100 வரியைத் தாண்டக்கூடாது என்றும் இருக்கிறது. அந்த முதல் விதி உங்கள் புள்ளி வட்டத்துக்காகவே எழுதியது போல இருக்கும். ரீச்சர் எத்தனை தடவை கூப்பிட்டாலும், முதலில் ‘சோதனை’யில் கமிட் செய்யுங்கள் (திருத்தத்தைப் பதிந்து வையுங்கள்), அப்புறம் அந்தக் கமிட்டை மட்டும் ‘நிலை’க்கு எடுங்கள். ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

11 பொதிகள் என்று படித்ததும் எனக்கு 2002 ஞாபகம் வந்தது. அப்போது மருதானையில் ஓர் அலுவலகத்தில் சேர்வர் பார்த்தேன். கெர்னல் 2.4 நிலையானது, 2.5 சோதனை. இரட்டை எண் என்றால் நம்பலாம், ஒற்றை எண் என்றால் கவனம். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் 2.4.0 வந்தது 2001 ஜனவரியில், 2.6.0 வந்தது 2003 டிசெம்பரில். கிட்டத்தட்ட மூன்று வருடம்! யார் காத்திருப்பார்கள்? விநியோகம் செய்தவர்கள் 2.5இல் இருந்தவற்றைப் பிடுங்கித் தங்கள் 2.4இல் ஒட்டினார்கள். என் சேர்வரில் ஓடியதற்கு 2.4 என்பது பெயர் மட்டும்தான். ஒரு நாள் பிணைய அட்டை படுத்துவிட்டது. எங்கே முறையிடுவது என்று தெரியாமல் இரண்டு இரவு விழித்திருந்தேன். மூல 2.4இல் அந்த வழு இல்லை, 2.5காரர்கள் பார்த்தால் அது அவர்களுடைய நிரலும் இல்லை.

2.6க்குப் பிறகு அந்த ஒற்றை–இரட்டை முறையையே விட்டுவிட்டார்கள். இப்போது இரண்டு கிழமை புதியவற்றைச் சேர்க்கிறார்கள், பிறகு ஏழு கிழமை அளவில் திருத்தம் மட்டும். 9, 10 கிழமைக்கு ஒரு வெளியீடு. அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்தால் யாரும் அவசரப்பட்டு இழுக்க மாட்டார்கள். உங்களிடம் பாடசாலைத் தவணை இருக்கிறதே, ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் ஒரு வெளியீடு போடுங்கள். தவணைப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே ‘சோதனை’யிலும் புதியதை நிறுத்திவிடுங்கள். லிப்ரே ஆபிஸ் கேட்பவர்களிடம், “ஓகஸ்ட் விடுமுறையில் வரும்” என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு கேள்வி. ‘சோதனை’யை யார் தினமும் பாவிக்கிறார்கள்?

வெள்ளவத்தை_விசை:

உண்மையைச் சொன்னால் யாரும் இல்லை, அண்ணை. என் மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் கணினியாகக் கிடக்கிறது. கட்டி முடிந்ததா என்று மட்டும் பார்ப்பேன்.

தெஹிவளை_சிட்:

அப்படியென்றால் ஜனவரியில் அந்தப் பிள்ளைதான் உங்கள் முதல் சோதனையாளர்.

நான் எட்டு வருடமாக வீட்டில் டெபியன் சிட் வைத்திருக்கிறேன், புதிய பொதிகள் முதலில் ஏறும் கிளை அது. அங்கே ஏறிய பொதி நேரே அடுத்த படிக்குப் போகாது. பொதுவாக 2 முதல் 10 நாள் வரை காத்திருக்கும், பெரிய வழு ஏதும் பதிவாகாவிட்டால்தான் டெஸ்டிங் என்ற அடுத்த கிளைக்கு நகரும். அந்த நாட்களில் யாராவது அதைப் பாவித்தால்தான் காத்திருந்ததற்குப் பலன். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் பொதியில், கள்ளமாக உள்ளே நுழைய வைத்த பின்கதவு பிடிபட்டது ஞாபகம் இருக்கும். மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தன் சிட் கணினியில் எஸ்எஸ்எச் வழித் தொலைநிலை உள்நுழைவு அரை வினாடி இழுக்கிறதே என்று தோண்டிக் கண்டுபிடித்தது அது. 5.6.0, 5.6.1 இரண்டும் சிட்டிலும் டெஸ்டிங்கிலும் நுழைந்திருந்தன. அப்போதைய நிலையான டெபியன் 12க்குப் போகவில்லை. அன்றிரவு என் கணினியைத் துடைத்து மறுபடி நிறுவினேன். அந்த அரை வினாடி எனக்கும்தான் இழுத்திருக்கும், நான் கவனிக்கவில்லை.

மூவரும் சொந்த வேலையை ‘சோதனை’யில் செய்யுங்கள். வகுப்பிலும் இரண்டு கணினியில் போடுங்கள், ரீச்சருக்குச் சொல்லிவிட்டு.

வெள்ளவத்தை_விசை:

சரி. ஜன்னல் பக்கத்து இரண்டிலும் என் மடிக்கணினியிலும் இன்றே போடுகிறேன். வட்டத்தின் திருத்தம் இப்போதுதான் ‘சோதனை’யில் ஏறியது. அந்த 11 பொதிகளில் பாதுகாப்புத் திருத்தம் இல்லாதவற்றை அடுத்த வெளியீட்டில் ஒழுங்காகக் கொண்டுவருகிறோம். ஒரு சந்தேகம்: ‘நிலை’யில் புதியதே கூடாது என்றால், நேர வலயத் தரவு மாதிரி விஷயங்கள்?

பழைய_கெர்னல்:

அதை உள்ளே விடலாம், விடத்தான் வேண்டும். 2006 ஏப்ரல் 15இல் இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி முன்னே இருந்ததிலிருந்து ஐந்தரை மணிக்கு மாறியபோது, பழைய தரவோடு இருந்த எங்கள் சேர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் அரை மணி முன்னால் போய் நின்றது. டெபியனும் அந்தத் தரவை நிலையான கிளைக்கு இடையிலேயே கொடுக்கிறது. ஆனால் அதுவும் முதலில் உங்கள் ஜன்னல் பக்கத்துக் கணினிகளில் ஒரு நாள் ஓடட்டும்.