புதுப்பிப்பு: அலுவலக முகவரிப் பட்டியலில் பெயர் மறைத்தல்
முன்பு கேட்டிருந்தேன்: கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் வெளிக்கள வேலைக்குப் போகும் பிள்ளைகளின் சொந்தக் கைப்பேசி இலக்கம் அவுட்லுக் மின்னஞ்சல் செயலியில் எல்லோருக்கும் தெரிகிறது, எப்படி மறைப்பது என்று. சரி, வழி கிடைத்துவிட்டது.

முதலில் அந்த இலக்கத்தையே அவர்களது விவரத்திலிருந்து எடுத்துவிட்டோம். இரவில் தேவையில்லாத அழைப்பு ஒன்றுகூட அவர்களுக்கு வரக்கூடாது. அப்புறம் எங்கள் மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்சின் நிர்வாகப் பக்கத்தில் அவரவர் கணக்கை முகவரிப் பட்டியலிலிருந்து மறைத்தோம். அஞ்சல் வழமைபோல வரும். பெயர் உடனே மறையாது. அவுட்லுக் கணினியில் வைத்திருக்கும் பட்டியலின் பிரதி 24 மணிநேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். அதற்குப் பிறகும், அவர்களுக்கு முன்பு மடல் எழுதியவர் முதலெழுத்தைத் தட்டினாலே பழைய பெயர் வந்து நிற்கும். பக்கத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி அவரவரே நீக்க வேண்டும்.

டீம்ஸ் அரட்டைச் செயலியின் தேடலுக்கு முகவரிப் புத்தகக் கொள்கை (யார் யாருடைய பெயரைப் பார்க்கலாம் என்ற அமைப்பு) தனியாக வேண்டும். அது இனித்தான்.