பயண வழியில் பிலிம் கழுவியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

காங்கேயம் லாட்ஜ்காரன்:
சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை. ஒரு எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம் ரோல் முழுக்கத் திமில் கறுத்த மயிலைக் காளைகள். ஊர் திரும்பும்வரை பொறுமை இல்லை. அன்றிரவே லாட்ஜ் குளியலறையில் உட்கார்ந்துவிட்டேன். கதவிடுக்கில் போர்வை, ஜன்னலில் லுங்கி. கழுவும் முன் பிலிமை இருட்டிலேயே ரீலில் சுற்ற வேண்டும். பாதி ஏறியிருக்கும், பளிச்சென்று விளக்கு எரிந்தது. பழைய லாட்ஜில் சுவிட்ச் குளியலறைக்கு வெளியேதானே இருக்கும்? தண்ணீர் கொண்டுவந்த பையன், "ஏனுங்கண்ணா, இருட்டில் இருக்கிறீர்கள்?" என்று நல்ல மனதோடு போட்டுவிட்டான். படம் எடுத்த பிலிமைக் கழுவும் முன்பே வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான். உள்சுற்றில் இருந்த கடைசி நான்கு படங்கள் தப்பின. நான்கும் டீக்கடை.

ஈரோட்டுக்காரர்:
அறைக்கதவைத் தாழிடாதது உங்கள் தவறு, பையனைச் சொல்லாதீர்கள். நான் அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் எடுத்ததை, 33 டிகிரித் தொட்டித் தண்ணீரில் 20 டிகிரிக்கான நேரம் வைத்துக் கழுவினேன். வெள்ளைக் குதிரை நெகடிவில் தார் போல் கறுத்துவிட்டது. எனவே கேளுங்கள். முதலில் வெளிச்சம் புகாத, கை நுழைக்கும் கறுப்புப் பை வாங்குங்கள். விடியற்காலையில் ஏற்றுங்கள், வியர்த்த கையில் பிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை இரவே மண்பானையில் வையுங்கள். ஐடி-11 டெவலப்பர் கரைசலைச் சரிபாதித் தண்ணீர் கலந்து எடுத்தால் எச்பி5-க்கு 20 டிகிரியில் 13 நிமிடம். 24-இல் ஏறக்குறைய ஒன்பது. டெவலப்பரை மட்டும் ஐஸ் வைத்துக் குளிரவைத்துவிட்டு வெந்நீர் போன்ற தண்ணீரில் அலசாதீர்கள், பிலிம் மேல் உள்ள படலம் சுருங்கி வெடிக்கும். படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவும் அதே சூட்டில் இருக்கட்டும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். போர் தண்ணீர் உப்புத் தடம் விடும்.

திருப்பூர் பேரன்:
பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறச் சொல்கிறீர்களா? இங்கே கேட்டது அனுபவம். எனக்குச் சூடு சிக்கலே இல்லை. மாமா வீட்டுத் துணிக்கொடியில் ஈர பிலிமைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். கீழ்த்தளத்தில் பனியன் தைக்கிறார்கள் என்பது உறைக்கவில்லை. காலையில் பார்த்தால் பிலிம் நெடுகப் பஞ்சு. அம்மாவைப் பெற்ற அமுச்சி வெற்றிலை மடிக்கும் ஒரே படத்தில், கன்னத்துக் குறுக்கே ஒரு நூலிழை வளைந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு அமுச்சியைப் படம் எடுக்க வாய்க்கவில்லை. நெகடிவை மறுபடி ஊறவைத்தால் இழை கழன்று வரலாம் என்கிறார்கள். இரண்டு முறை கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, நெகடிவை உறையிலிருந்து எடுக்காமலே கொட்டிவிட்டேன்.