வி.எஸ். கோடில் தமிழ்ப் பக்கம்: கீபோர்டு தானா மாறுது, 'கோவில்'னு தேடினா பாதிதான் கிடைக்குது

வளவு வாசல் கேட்டது:

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதி ஆக்கியிருக்காங்க. அதுக்கு வெப்சைட். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான். விண்டோஸ் 11, கோட் எழுத வி.எஸ். கோட் எடிட்டர், விண்டோஸோட வர்ற தமிழ்99 கீபோர்டு. பக்கத்துல முக்கால்வாசி தமிழ். சுத்திப் பார்க்க வர்றவங்களுக்காக ஒன்பது நகரக் கோவிலுக்கும் (நகரத்தாரோட குலக் கோவில்கள்) ஒண்ணொண்ணா கார்டு போட்டிருக்கேன்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. இனி தொல்லைக்கு வர்றேன்.

ஒண்ணு, ஷிஃப்ட் ஆல்ட் எஃப் அழுத்தி ஃபார்மேட் பண்ணினா (கோட் வரிகளை ஒழுங்கா அடுக்குறது), சில தடவை கீபோர்டு தமிழுக்குப் போயிடுது. அடுத்து 'டிவ்' டேக் அடிக்கப் போனா 'உனவ'ன்னு விழுது.

ரெண்டு, கிளையன்ட் அனுப்பின ஃபோல்டரைத் திறந்தா ஒவ்வொரு தமிழ் எழுத்தைச் சுத்தியும் மஞ்சள் கட்டம். கண்ணு வலிக்குது.

மூணு, கன்ட்ரோல் எஃப் போட்டு 'கோவில்'னு தேடினா 9 கார்டுல 6 மட்டும் காட்டுது. மீதி 3-லயும் அதே சொல்தான் கண்ணுக்குத் தெரியுது. 'கோயில்'னு எங்கயும் எழுதலை, பார்த்துட்டேன்.

நாலு, சேவ் பண்ணும்போது ஃபார்மேட் ஆகணும்னு டிக் போட்டிருக்கேன். சில நேரம் ஆகுது, சில நேரம் ஆகலை.

அஞ்சு, வேர்ட் ராப் (நீள வரியை மடிக்கிற வசதி) போட்டும் நீளமான தமிழ் வரி ஜன்னலைத் தாண்டி வலப்பக்கம் ஓடுது.

செக்காலை ரோடு எழுதியது:

முதல் ரெண்டுக்கு நான் சொல்றேன்.

கீபோர்டு மாறுறதுக்கும் எடிட்டருக்கும் சம்பந்தம் இல்லை. இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தா மொழியை மாத்துன்னு விண்டோஸுக்குள்ள ஒரு குறுக்குவழி இருக்கு. எஃப் விரல் சரியா விழாம அந்த ரெண்டு விசை மட்டும் அழுந்தி எழுந்தா போதும், தமிழ்99-க்குத் தாவிடும். அந்தக் கீபோர்டுல டி இருக்குற இடத்துல உ, ஐ-யில ன, வி-யில வ. அதான் 'உனவ'. வரியை நகலெடுக்குற ஷிஃப்ட் ஆல்ட் கீழ் அம்பு, மொத்தமா கமென்ட் போடுற ஷிஃப்ட் ஆல்ட் ஏ, எல்லாத்துலயும் இதே வம்பு வரும். எடிட்டர்ல ஷார்ட்கட்டை மாத்தி மாத்திப் பார்க்காதீங்க, வேரை எடுங்க:

செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ். அங்கே அடியில 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்'னு ஒரு லிங்க். திறந்தா பழைய காலத்து சின்ன ஜன்னல் வரும். 'சேஞ்ச் கீ சீக்வென்ஸ்' அழுத்தி, ரெண்டு பத்தியிலயும் 'நாட் அசைன்டு' வைங்க. ஒரு பத்தியை மட்டும் மாத்திட்டு ஓகே கொடுத்தா, கன்ட்ரோல் ஷிஃப்ட்ல இதே கதை தொடரலாம். அதுக்கப்புறம் மொழி மாத்த விண்டோஸ் விசையோட ஸ்பேஸ்பார்.

அதே அட்வான்ஸ்டு பக்கத்துல, ஒவ்வொரு ஆப் ஜன்னலுக்கும் தனி இன்புட் வைக்கிற டிக் ஒண்ணு இருக்கு. அதையும் போட்டுக்கோங்க. எடிட்டர் இங்கிலீஷ்லயே நிக்கும், பக்கத்துல வாட்ஸ்அப் தமிழ்லயே நிக்கும்.

மஞ்சள் கட்டம்: ஃபோல்டரைத் திறந்தப்போ 'இதை எழுதினவரை நம்புறீங்களா'ன்னு கேட்டிருக்கும், நீங்க இல்லைன்னு அழுத்தியிருப்பீங்க. மேல 'ரெஸ்ட்ரிக்டட் மோட்'னு ஒரு பட்டை நிக்குதா பாருங்க. நம்பாத ஃபோல்டர்னா, அடிப்படை இங்கிலீஷ் எழுத்துக்கு வெளியே உள்ள எல்லாத்தையும் கட்டம் கட்டிக் காட்டுறது அதோட இயல்பு. யாராவது இங்கிலீஷ் ஏ மாதிரியே இருக்குற ரஷ்ய எழுத்தைக் கோட்ல ஒளிச்சு வைக்கலாம்ங்கிறதுதான் பயம். நம்ம தமிழ் அதுல வீணா மாட்டிக்கிது. பட்டையில 'மேனேஜ்' அழுத்தி 'டிரஸ்ட்' கொடுத்தா கட்டம் போயிடும். அந்த மோட்ல சில எக்ஸ்டென்ஷனும் அரைகுறையாத்தான் ஓடும், உங்க நாலாவது தொல்லைக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஃபோல்டர் யாருடையதுன்னு தெரிஞ்சா மட்டும் டிரஸ்ட் கொடுங்க.

டிரஸ்ட் கொடுத்த பிறகும் ரெண்டு மூணு இடத்துல கட்டம் மிச்சம் இருந்தா, அது வீண் பயம் இல்லை. மேல மவுஸை வைச்சா எந்த எழுத்துன்னு எண்ணோட சொல்லும்.

பட்டாலை எழுதியது:

மூணாவதுதான் இதுல சரக்குள்ள கேள்வி. யூனிகோட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் உண்டு. அதுல 'கோ'வை ரெண்டு விதமா எழுதலாம். க-வோட ஓகாரக் குறி ஒண்ணு (0பிசிபி) சேர்ந்தா மொத்தம் ரெண்டு எண். இல்லைன்னா க, இரட்டைக் கொம்பு (0பிசி7), கால் (0பிபிஇ)னு மூணு எண். திரையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. ரெண்டையும் சமமாத்தான் பார்க்கணும்னு யூனிகோட் விதியே சொல்லுது. ஆனா எடிட்டரோட தேடல் எண்ணுக்கு எண் ஒப்பிடும், அதனால உங்க 6 ஒரு ஜாதி, மீதி 3 வேற ஜாதி.

சோதிக்க அரை நிமிஷம் போதும். கிடைக்காத கார்டுல 'கோ'வுக்கு அடுத்து கர்சரை வைச்சு ஒரே ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அடிங்க. 'க' மிஞ்சினா ஒழுங்கான எழுத்து. 'கே' மிஞ்சினா உடைஞ்ச எழுத்து. பார்த்துட்டு கன்ட்ரோல் இசட்.

இது எங்கிருந்து வருதுன்னா, பெரும்பாலும் பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஃபைலை யூனிகோட்டா மாத்தின கன்வெர்ட்டர்ல இருந்து. பாமினியில 'கோ'வுக்கு மூணு விசை: கொம்பு, க, கால். நல்ல கன்வெர்ட்டர் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியா ஆக்கும். சோம்பேறி கன்வெர்ட்டர் கொம்பை க-வுக்குப் பின்னால தள்ளிட்டு, காலை அப்படியே விட்டுடும். காரைக்குடி, தேவகோட்டை அச்சகத்துல அழைப்பிதழுக்கும் நோட்டீஸுக்கும் அடிச்ச மேட்டரை வாங்கி வெப்ல ஏத்துறப்போ இது அடிக்கடி மாட்டும். பாமினி ஃபைலை நேராத் திறந்து 'ரீஓப்பன் வித் என்கோடிங்'ல தட்டித் தட்டிப் பார்க்குறவங்களும் உண்டு. பிரயோஜனம் இல்லை. பாமினி என்கோடிங்கே கிடையாது, இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ்ப் படம் போட்ட ஃபான்ட். கன்வெர்ட்டர்ல போட்டுத்தான் எடுக்கணும்.

சரி பண்ண: முதல்ல கிட்ல (ஃபைல் மாற்றங்களைப் பதிவு வைக்கிற மென்பொருள்) கமிட் பண்ணி இப்போ உள்ளதைப் பதிஞ்சு வைங்க, கிட் இல்லைன்னா ஃபோல்டரை நகலெடுங்க. கன்ட்ரோல் ஷிஃப்ட் எச் போட்டா ஃபோல்டர் முழுக்கத் தேடி மாத்துற பெட்டி வரும். அதுல புள்ளியும் நட்சத்திரமும் போட்ட பட்டனை அழுத்தி ரெகெக்ஸை (குறியீடு கொடுத்துத் தேடுற முறை) ஆன் பண்ணுங்க. தேடும் கட்டத்துல இங்கிலீஷ்ல பேக்ஸ்லாஷ், சின்ன யு, 0பிசி7, மறுபடி பேக்ஸ்லாஷ், சின்ன யு, 0பிபிஇ. நடுவுல ஸ்பேஸ் கூடாது. மாத்தும் கட்டத்துல ஓகாரக் குறி. 'கோ' அடிச்சு ஹோம் விசை, டெலீட்னு போனா முழு எழுத்தும் போயிடும். அதனால குறியைத் தனியா கேரக்டர் மேப்ல இருந்து எடுத்து ஒட்டுங்க. அடுத்து கொ, தொ வகைக்கு 0பிசி6-ம் 0பிபிஇ-ம், அதுக்கு ஒகரக் குறி.

மௌனத்துல மட்டும் கையை வைக்கும்போது ஜாக்கிரதை. பலபேர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு 'மெளனம்'னு அடிச்சிருப்பாங்க. அதைத் தேடி மொத்தமா மாத்தினா 'தெளிவு', 'வெள்ளி' எல்லாம் நாசமாயிடும். அங்கேயும் அதே கொம்பு, அதே ள. அது ஒவ்வொண்ணா பார்த்து மாத்த வேண்டிய வேலை.

உங்க சைட்ல தேடல் பெட்டி வைக்கப் போறீங்கன்னா இப்பவே ஒண்ணு செஞ்சிடுங்க. ஆளு அடிக்கிற சொல், கார்டுல உள்ள சொல், ரெண்டையும் ஜாவாஸ்கிரிப்டோட நார்மலைஸ் ஃபங்ஷன்ல 'என்.எஃப்.சி.' (உடைஞ்ச குறியை ஒண்ணாச் சேர்க்குற வடிவம்) கொடுத்து ஓட்டிட்டு ஒப்பிடுங்க. இல்லைன்னா இதே கதை வாடிக்கையாளர் போன்ல நடக்கும்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

நாலாவது: 'ஆட்டோ சேவ்' எதுல இருக்குன்னு பாருங்க. 'ஆஃப்டர் டிலே'ன்னு இருக்கும், கடைசியா மாத்தி 1000 மில்லிசெகண்டு கழிச்சு தானா சேவ் ஆகும். அந்தத் தானா சேவ்ல ஃபார்மேட் ஓடாது, அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. டைப் பண்ணிட்டே இருக்கும்போது வரி துள்ளக் கூடாதுல்ல. நீங்களே கன்ட்ரோல் எஸ் அடிக்கிற நேரத்துல மட்டும் ஃபார்மேட் ஆகுது, அதான் 'சில நேரம்'. 'ஆன் ஃபோகஸ் சேஞ்ச்'னு மாத்துங்க. வேற ஃபைலுக்குத் தாவும்போது சேவும் ஆகும், ஃபார்மேட்டும் ஆகும். லைவ் சர்வர் (சேவ் ஆனதும் பிரவுசர்ல பக்கத்தைப் புதுப்பிக்கிற எக்ஸ்டென்ஷன்) வைச்சிருந்தா, டைப் பண்ணி நிறுத்துறப்போ எல்லாம் பக்கம் ரீலோடாகி மேல ஓடுறதும் இதோட நிக்கும்.

கன்ட்ரோல் எஸ் அடிச்சும் ஆகலைன்னா பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒரே மொழிக்கு ரெண்டு ஃபார்மேட்டர் இருந்து எதைப் பிடிக்கிறதுன்னு அதுக்குத் தெரியலை. வலது கிளிக், 'ஃபார்மேட் டாக்குமென்ட் வித்', 'கான்ஃபிகர் டீஃபால்ட் ஃபார்மேட்டர்', ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. அடுத்த காரணம், எங்கயோ ஒரு டேக் மூடலை. பிரிட்டியர்ங்கிற ஃபார்மேட்டர் அப்படிப்பட்ட ஃபைலைத் தொடவே தொடாது. கீழே 'அவுட்புட்' பேனல்ல பிரிட்டியரைத் தேர்ந்தா எந்த வரின்னே சொல்லும்.

அஞ்சாவது: செட்டிங்ஸ்ல 'ராப்பிங் ஸ்ட்ராட்டஜி'ன்னு தேடுங்க. 'சிம்பிள்'னு இருக்கும். எல்லா எழுத்தும் ஒரே அகலம்னு வைச்சுக் கணக்குப் போடுற முறை அது. 'ஞௌ'வும் 'ர'வும் ஒரே அகலமா? 'அட்வான்ஸ்டு'ன்னு மாத்தினா சரியா மடியும். ஆயிரக்கணக்கான வரி உள்ள ஃபைல்ல மந்தமாகும், உங்க பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. 'லைன் ஹைட்' 1.8 வைச்சா மேல் சுழி, கீழ் வளைவு இடிக்காது.

வளவு வாசல் எழுதியது:

அண்ணே, ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு தீர்ந்தது. கீபோர்டு ஜன்னல்ல ரெண்டு பத்தியும் மாத்தியாச்சு. பேக்ஸ்பேஸ் சோதனையில நேமத்துலயும் சூரைக்குடியிலயும் 'கே'தான் மிஞ்சிச்சு, ரெகெக்ஸ்ல சரியாயிடுச்சு. இப்போ 8. பிள்ளையார்பட்டி மட்டும் இன்னும் தேடல்ல கிடைக்கலை. அதுல பேக்ஸ்பேஸ் அடிச்சா ஒழுங்கா 'க'தான் மிஞ்சுது. மஞ்சள் கட்டம் எதுவும் இல்லை (டிரஸ்ட் கொடுக்குறதுக்கு முன்னாடியே யூனிகோட் ஹைலைட்னு தேடி அதுல இருந்த எல்லா டிக்கையும் எடுத்துட்டேன்).

பட்டாலை எழுதியது:

டிக் எல்லாத்தையும் எடுத்ததுதான் வினை. 'இன்விசிபிள் கேரக்டர்ஸ்' டிக்கைத் திரும்பப் போடுங்க. அகலமே இல்லாத எழுத்து ஏதாவது சொல்லுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கும், யூனிகோட் எண் 200பி இல்லைன்னா 200சி. வேற பக்கத்துல இருந்து ஒட்டின மேட்டர்ல வரும். அதே சாமான் கிளாஸ் பேர்ல ஒட்டிக்கிட்டா சி.எஸ்.எஸ். அந்தக் கிளாஸைப் பிடிக்கவே பிடிக்காது, அங்கே தேடிக் கண்டுபிடிக்க நாள் போயிடும். அதனால அந்த டிக் மட்டும் எப்பவும் இருக்கட்டும்.

வளவு வாசல் எழுதியது:

'வி'க்கும் 'ல்'க்கும் நடுவுல 200பி. எடுத்தாச்சு, 9-க்கு 9. இன்னொண்ணு கேட்டுக்கிறேன்: போட்டோ ஃபைலுக்குத் தமிழ்லயே 'முற்றம்'னு பேர் வைக்கலாமா? இங்கே லைவ் சர்வர்ல நல்லாத் தெரியுது.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

தெரியும், ஆனா வேண்டாம். 'முற்றம்'ல 7 எண் இருக்கு. யு.டி.எஃப்.-8-ல ஒண்ணுக்கு 3 பைட், மொத்தம் 21. லிங்க்கை யாராவது நகலெடுத்து அனுப்பினா ஒரு பைட்டுக்கு பெர்சென்ட் குறியோட 3 எழுத்து, ஆக 63 எழுத்து வால் தொங்கும். மேல பட்டாலை சொன்ன 'கோ' சிக்கல் ஃபைல் பேர்லயும் வரும், அங்கே படமே வராது. படத்துக்கு இங்கிலீஷ் சின்ன எழுத்துல பேர், தமிழை ஆல்ட் டெக்ஸ்ட்ல (படத்துக்கான விளக்க வரி) எழுதுங்க.

சின்ன எழுத்துன்னு சொல்றது அழகுக்கு இல்லை. கேமரா தர்ற ஃபைல்ல ஜேபிஜி பெரிய எழுத்துல இருக்கும். விண்டோஸ் பெருசு சிறுசு பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும். இங்கே தெரிஞ்ச படம் அங்கே 404, அதாவது ஃபைல் இல்லைன்னு வரும். கிட் வைச்சிருந்தா எக்ஸ்ப்ளோரர்ல பேர் மாத்தினா அது கவனிக்காம விடலாம். கிட் எம்.வி. கட்டளையில முதல்ல வேற ஒரு பேருக்கு மாத்தி, பிறகு சின்ன எழுத்துப் பேருக்கு மாத்தி கமிட் பண்ணுங்க.