சால்வை போட்டு அனுப்புகிறவர்களிடம் காசு கேட்பது எப்படி?

கொருக்குப்பேட்டை_கோடு:
கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன், காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை. படம் வரைவதெல்லாம் அது போக மிச்ச நேரத்தில். போன வருடம் தெரிந்தவர் மூலமாக ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்கு அட்டையும் உள்ளே 14 படங்களும் போட்டுக் கொடுத்தேன். “புத்தகம் வரட்டும், பார்த்துச் செய்யலாம்” என்றார்கள். வந்தது. விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை, கையில் அஞ்சு பிரதி, அவ்வளவுதான். என் பெயர் இரண்டாம் பக்கத்தில் எழுத்துப்பிழையோடு இருக்கிறது. இது எனக்கு மூன்றாவது சால்வை. ஒன்றை அம்மா தையல் மெஷினுக்கு உறையாக்கிவிட்டார். நல்ல கெட்டித் துணி, தூசி இறங்குவதில்லை.

இப்போது அதே ஆட்கள் அடுத்த புத்தகத்துக்கும் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், எங்கள் தெருப் பையன்கள் நடத்தும் படிப்பகத்தில் சுவர் முழுக்க அம்பேத்கர் வரைந்து தரச் சொல்கிறார்கள். கடையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கேட்டு வாங்குகிற நான், என் படத்துக்கு என்று வரும்போது வாயே திறப்பதில்லை. நீங்களெல்லாம் எப்படிக் கேட்கிறீர்கள்? வீட்டில் ஒரே அறை, தம்பி தூங்கின பிறகு அடுப்படி விளக்கில்தான் வரைகிறேன். அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

காசிமேடு_எனாமல்:
தங்கச்சி, நான் போர்டு எழுதுகிறவன். ஃபிளெக்ஸ் வந்து எங்களை வாரிக்கொண்டு போன பிறகு படகுக்கு வந்தேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போதுதான் போட்டுகளை ஏற்றிச் சுரண்டி, மராமத்து பார்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். எங்களுக்கு அதுதான் தீபாவளி. ஆனால் ஓனர் கையில் காசு இல்லாத மாசமும் அதே மாசம்தான். “தொழிலுக்குப் போனதும் தரேன்” என்பார், போய் வந்ததும் “மீன் படலை” என்பார். நாலு வருஷம் இப்படி ஏமாந்தேன்.

அப்புறம் ஒன்று கண்டுபிடித்தேன். கூலி என்று ஆரம்பித்தால் முகம் மாறுகிறது. “பெயிண்ட் கடைக்குப் போறேன், காசு குடுங்க” என்றால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. சாமான் காசு கேட்டால் யாருக்கும் கோபம் வராது. அதனால் பாதிப் பணத்தைச் சாமான் கணக்கிலேயே முதலில் வாங்கிவிடுவேன். நீயும் பேப்பர், கலர், பிரஷ் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடு. மீதிக்கு என்ன செய்வேன் தெரியுமா, படகு நம்பரையெல்லாம் சுத்தமாக எழுதி முடித்துவிட்டு, படகின் பெயரில் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிடுவேன். ‘அன்னை வேளாங்கண்ணி’யில் ‘ணி’ பாக்கி. ‘அன்னை வேளாங்கண்’ என்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், சாயங்காலத்துக்குள் காசு வந்துவிடும். உனக்கு ‘ணி’ எது என்று யோசி. படத்தைச் சின்ன சைஸில் மட்டும் அனுப்பு, அச்சுக்குப் போகிற பெரிய ஃபைல் பாக்கி வந்த பிறகு.

பழைய_பிழைதிருத்தி:
அண்ணன் சொன்ன ‘ணி’யைச் சட்டத்திலும் தேடலாம். பதிப்பகங்களில் பல வருடம் பிழை திருத்தியவள் நான், அதனால் அந்தப் பக்கத்து பழக்கம் தெரியும். பதிப்புரிமைச் சட்டம், 1957. படத்தின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தரவேண்டும் என்றால் அதை எழுத்தில் எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான் என்று கணக்கு, எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பலருக்கு, பதிப்பாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இது தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், சொன்னவர்தான் முதல் உரிமையாளர். உங்களுக்கோ காசே தரவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. ஆக அந்த 15 படங்களும் இன்னும் உங்களுடையவைதான் என்று வாதாட நிறைய இடம் இருக்கிறது. அஞ்சு பிரதியும் சால்வையும்தான் கூலி என்று அவர்கள் சொல்லலாம், சொல்லட்டும், கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது. இனிமேல் காசு வாங்கும்போதுதான் ஜாக்கிரதை: “இந்தப் புத்தகத்தின் அச்சுப் பதிப்புக்கு மட்டும், உரிமை ஓவியருக்கே” என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பெயரையும் அதே தாளில் சரியான எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், தொகை பெரிதாகும்போது வருமான வரிக்கென்று 10% (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு தருவார்கள். அது போன காசு இல்லை. உங்கள் வருமானம் வரி கட்டுகிற அளவுக்கு இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பான் நம்பர் கொடுக்க மறந்தால் 20% பிடிப்பார்கள்.

பெரம்பூர்_லோகோ:
எல்லாம் சரி, ஆனால் படிப்பகத்துச் சுவரையும் பதிப்பகத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அந்தப் பையன்கள் யாரிடமும் சம்பாதிக்கவில்லை. நானாக இருந்தால் கூலி வாங்கமாட்டேன். ஆனால் பெயிண்ட் அவர்கள் வாங்க வேண்டும், சாரம் அவர்கள் கட்ட வேண்டும், மதியம் யார் வீட்டிலிருந்தாவது மீன் குழம்பு வரவேண்டும், கீழே உங்கள் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று இருக்க வேண்டும். தெருவில் நடக்கிற ஒவ்வொருவரும் பார்க்கிற சுவர் அது.

இடத்துக்கு: கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ என்று ஒன்று திறந்தார்களே, போய்ப் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்ய அரை நாள், ஒரு நாள் என்று கட்டணத்துக்கு இடம் தருகிறார்கள், பக்கத்திலேயே படிக்கிற பிள்ளைகளுக்குத் தனி இடம். ஷிப்ட் இல்லாத நாளில் நான் கதை எழுதுவது அங்கேதான். ஏசி இருக்கிறது, முக்கியமாக யாரும் “இன்னாத்த எழுதறே” என்று எட்டிப் பார்ப்பதில்லை. கலர் கொட்டுகிற வேலைக்கு ஆகாது, பென்சில் வேலைக்குச் சரி.

கொருக்குப்பேட்டை_கோடு:
எல்லோருக்கும் நன்றி. சுவருக்கு ஒத்துக்கொண்டேன், பையன்கள் சாரத்துக்குச் சவுக்குக் கட்டை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பதிப்பகத்துக்கு நேற்று வாட்ஸ்அப்பில், சாமான் காசு முன்னாடி, ஒரு வரி ஒப்பந்தம், புத்தக அட்டையில் என் பெயர் என்று அனுப்பினேன். இன்று “மொத்தம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். ஒரு தொகை அடிக்கிறேன், அழிக்கிறேன், கொஞ்சம் குறைத்து அடிக்கிறேன்.

காசிமேடு_எனாமல்:
முதலில் அடித்த தொகையைப் போடு. போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வை.

கொருக்குப்பேட்டை_கோடு:
போட்டுவிட்டேன் அண்ணா. தையல் மெஷின் மேல் கவிழ்த்தும் வைத்தாயிற்று. போனை ஏன் முறைக்கிறாய் என்று அம்மா கேட்கிறார்.